அத்தையைக் குறித்து நீ கேட்ட கேள்விக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பினாங்கிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீ விமான நிலையத்தில் உட்கார்ந்து அனுப்பிய நீண்ட செய்தி, நீ மெல்பர்ன் போய்ச் சேர்வதற்கு முன்பே என் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. "அத்தை இப்போது எங்கே இருக்கிறார், அப்பா? கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று சபையில் சொல்வதுதான் உண்மையென்றால், அதை நீங்களே என்னிடம் வாய்திறந்து சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாய். நான்கு நாள்களாக நான் பதில் அனுப்பாததற்கு வேலைப்பளு காரணமில்லை. ஓய்வுபெற்றவனுக்கு என்ன வேலைப்பளு? கட்டைவிரலால் தட்டி அனுப்புகிற பதிலுக்குள் இது அடங்காது என்று தெரிந்ததால்தான் தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

உன்னை இந்தக் கேள்விக்குத் தள்ளியது எது என்று எனக்குத் தெரியும். உன் அத்தையாகிய என் அக்காவின் உடலுக்கு அருகில் பிறந்த வீட்டுக் கோடியை ஏந்திக்கொண்டு நான் நின்றபோது, சபையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்திருந்த சகோதரர் ஒருவர் என் காதோடு காதாக, "உங்கள் அக்கா இரட்சிக்கப்பட்டவர்தானா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் நீ என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாய். அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை அது. முந்தின நாள் இரவு அம்மா லிட்டில் இந்தியாவில் கடை அடைக்கிற நேரத்தில் போய் வாங்கிவந்தது. விலைச்சீட்டைப் பிய்க்க மறந்துவிட்டோம். அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றேனே தவிர, அவருக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிறகு கோடியைப் போர்த்தினேன், வாய்க்கரிசியும் போட்டேன். அதைக் குறித்தும் சபையில் பேச்சு இருக்கிறது. எனக்கு ஆறு வயதிலிருந்து சோறு போட்ட கைக்கு ஒரு பிடி அரிசியைத் திருப்பிக் கொடுத்ததை ஆண்டவர் விக்கிரக ஆராதனைக் கணக்கில் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இயேசு கிறிஸ்து ஒருவரே இரட்சிப்பின் வழி என்று நான் விசுவாசிக்கிறேன். அக்கா இறந்ததற்காக அந்த விசுவாசத்தை நான் தளர்த்திக்கொள்ளவில்லை. துக்க வீட்டில் மாற்றிக்கொள்கிற கொள்கை துக்கம் ஆறினதும் மறுபடியும் மாறிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை உனக்குக் கொடுத்து என்ன பயன்?

நீ ஆறாம் படிவம் படித்த காலத்தில் ஒரே வழி என்று சொல்வது ஆணவமல்லவா என்று நம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் உனக்கு நினைவிருக்கும். 1985இல் பாலம் திறக்கும் வரையில் வண்டியோடு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகிறவனுக்கு ஃபெரியை விட்டால் வேறு வழியில்லை, ஃபெரியை யாராவது ஆணவம் பிடித்தது என்று சொன்னார்களா என்று போதகர் கேட்டார். "இப்போது இரண்டாவது பாலமும் வந்துவிட்டதே, ஐயா" என்று நீ சொன்னாய். அந்த 2014ஆம் ஆண்டில்தான் அதுவும் திறந்திருந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன். முப்பது வருடம் அக்கரையிலுள்ள பிறை ஊருக்கு வேலைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த உவமையே தவறு. ஃபெரியும் பாலமும் நாம் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போவதற்கு நாமே கட்டிக்கொண்டவை. அப்படிக் கட்டுவதில் ஒன்று என்ன, ஐம்பது இருந்தாலும் குறையில்லை. கிறிஸ்தவ விசுவாசமோ, இங்கிருந்து கட்டுகிற எந்தப் பாலமும் எட்டவில்லை என்பதனால் அக்கரையில் இருந்தவரே இறங்கி வந்தார் என்று சொல்கிறது. வந்தவர் ஒருவர்தான், வந்தது ஒரு முறைதான். பொந்தியு பிலாத்து என்ற ரோமானிய அதிகாரியின் காலத்தில், எருசலேமில், பேர் சொல்லிக் காட்டக்கூடிய இடத்தில் மரித்தார், உயிர்த்தெழுந்தார். ஒரே வழி என்ற சொல் அங்கிருந்து பிறக்கிறதே தவிர, மதங்களை வரிசையாக நிறுத்தி மதிப்பெண் போட்டுப் பிறந்ததல்ல.

வேறு வழி இருந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியை நமக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். கெத்செமனே தோட்டத்தில், "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று சிலுவை மரணத்துக்கு முந்தின இரவில் குமாரனாகிய இயேசுவே கேட்டார். நீங்கவில்லை. நல்ல நடத்தையாலோ, விரதத்தாலோ, அறிவாலோ மனிதனுடைய பாவக்கணக்கு தீர்ந்திருக்குமானால், பெற்ற மகனின் அந்த மன்றாட்டுக்கு எந்தத் தகப்பன் மௌனமாக இருந்திருப்பான்? என் விசுவாசம் சாய்ந்து நிற்கிற தூண் இதுதான். மற்ற வாதங்கள் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை.

ஆனால் அந்த வசனங்களை இன்று நாம் எந்தக் குரலில் வாசிக்கிறோம் என்பதில் எனக்கு மனவருத்தம் உண்டு. "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்ற யோவான் 14ஆம் அதிகாரத்து வார்த்தையைச் சந்தைவெளிப் பிரசங்கத்தில் அறைகூவலாகச் சொல்கிறார்கள். இயேசு அதைச் சந்தையில் சொல்லவில்லை. தாம் பிடிபடப்போகிற இரவில், போஜனத்துக்குப் பிறகு, பயந்துபோயிருந்த தம் சீஷர்களிடம், "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்று ஆரம்பித்த பேச்சில் சொன்னார். அதுவும், நீர் போகிற இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று தோமா கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். மயிலாப்பூர் வரை வந்து அங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்று நம் பாரம்பரியம் சொல்கிற அதே தோமாதான். கலங்கியவனுக்குக் கொடுத்த ஆறுதலை, துக்க வீட்டில் நிற்கிறவனுடைய காதில் கேள்வியாகத் திருப்பிப் போட்டால் எப்படி, சொல்.

"அவராலேயன்றி வேறொருவராலும் இரட்சிப்பு இல்லை" என்று அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில் பேதுரு சொன்னதும் அப்படித்தான். அலங்கார வாசலில் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த, பிறவியிலேயே நடக்க முடியாத ஒருவன் எழுந்து நடந்ததைத் தொடர்ந்து ஓர் இரவு காவலில் வைக்கப்பட்ட பேதுரு, மறுநாள் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு, எந்த நாமத்தினால் இதைச் செய்தாய் என்று கேட்கப்பட்டபோது கொடுத்த வாக்குமூலம் அது. அந்த மனிதன் குணமானதைச் சொல்லும் சொல்லும், இரட்சிப்பு என்ற சொல்லும் கிரேக்க மூலத்தில் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கையில் அதிகாரம் இல்லாதவன் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன சாட்சி. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 9.1 பேர் மட்டுமே கிறிஸ்தவர்களாக இருக்கிற இந்த நாட்டில், அதிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு, அந்தக் குரல் புரியாமற்போகக் கூடாது.

சரி, அத்தை எங்கே?

என் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். ஆபிரகாம் இயேசு என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனாலும் அவன் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று வேதம் சொல்கிறது. இயேசுவின் பெயர் தெரியாத ஆபிரகாமும் இரட்சிக்கப்பட்டது கிறிஸ்துவின் மரணத்தினாலேயே என்றுதான் நாம் போதிக்கிறோம். ஆகவே ஒருவன் யாராலே இரட்சிக்கப்படுகிறான் என்பதும், அவரைக் குறித்து அவனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதும் வேறு வேறு. கத்தோலிக்கர் 1964இல் தங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதிருந்தும் உண்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்கள் இரட்சிப்பை அடையக்கூடும் என்று எழுதிவைத்தார்கள். நம் மெதடிஸ்ட் சபையின் தகப்பனாகிய ஜான் வெஸ்லியும், சாவதற்கு முந்தின வருடம் 1790இல் எழுதிய ஒரு பிரசங்கத்தில், கிறிஸ்தவ வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களை ஆக்கினைக்கென்று தீர்க்க உயிரோடிருக்கிற எந்த மனிதனுக்கும் உரிமையில்லை, அவர்களை உண்டாக்கினவரிடமே விட்டுவிடுவது நலம் என்ற கருத்தைச் சொன்னார். இதை நம் பிரசங்க பீடத்தில் ஏன் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கைக் கொண்டு அக்காவின் பெயரைச் சபைப் பதிவேட்டில் சேர்த்துவிட எனக்கு மனமில்லை. நல்ல மனமுள்ள மற்ற மதத்தாரைத் தம்மை அறியாத கிறிஸ்தவர்கள் என்று அழைத்த ஜெர்மானிய இறையியலாளர் ஒருவர் உண்டு. அக்காவிடம் போய் அப்படிச் சொல்லியிருந்தால், "என்னைக் கேக்காம எனக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டியா?" என்று சிரித்திருப்பார். வெள்ளிக்கிழமை குவீன் ஸ்திரீட் மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை, ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி, டிசம்பரில் நமக்காக முறுக்கு. இதில் எதையும் அவர் குழப்பமாக நினைத்ததில்லை. உன்னை ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு, சபை வாசலுக்கு வெளியே மழைமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள் என்று எத்தனை பேர் கூப்பிட்டார்கள்! வரமாட்டார். உன்னை உள்ளே அனுப்பாமலும் இருக்கமாட்டார்.

என்னுடைய குற்றத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒரே வழியை நம்புகிற நான், இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அக்காவிடம் அதைக் குறித்துப் பேசினேன். அத்தான் இறந்த வருடம் அது. "உன் சாமி நல்ல சாமிதான், தம்பி. ஆனா என்னைக் கைவிடாத சாமிய நான் எப்படிக் கைவிடுவேன்?" என்றார். அதற்குப் பதில் தெரியாமல், வீட்டுச் சமாதானம் என்று பெயர் சொல்லிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டேன். ஒரு பக்கம், என் காதில் அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரர்மேல் கோபப்படுகிறேன்; மறுபக்கம், அவர் கேட்டதையாவது கேட்டார், நான் அதையும் செய்யவில்லை என்று தோன்றுகிறது.

கடைசி மூன்று வாரமும் மருத்துவமனையில் இரவில் நான்தான் இருந்தேன். தூக்கம் வராதபோது எதையாவது படி என்பார். 23ஆம் சங்கீதத்தைப் படித்தேன். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடம் வரும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "நல்லாருக்கு, இன்னொரு தரம் படி" என்பார். இரண்டாம் தரம் முடிவதற்குள் தூங்கிவிடுவார். அதை விசுவாச அறிக்கை என்று எழுதினால் நான் பொய்யன். அது காதோடு போய்விட்டது என்று சொன்னாலும் பொய்யன்தான். பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளன் கடைசி நேரத்தில் சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டதனால் நமக்குத் தெரிகிறது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு மனுஷி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"ஆண்டவரே, இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ?" என்று ஒருவன் இயேசுவிடமே கேட்டான். அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. "இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள்" என்று கேட்டவனையும் கூட இருந்தவர்களையும் பார்த்துத் திருப்பிச் சொன்னார். உன் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதிலும் அவ்வளவே. வழி அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியும். அக்காவின் தீர்ப்பு, சிலுவையில் ஆணி அடிக்கப்பட்ட கைகளில் இருக்கிறது, சபை மூப்பர்களின் கையில் இல்லை என்பதும் தெரியும். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் அழியவிருந்த சோதோம் நகருக்காக மன்றாடியபோது கேட்டதை, நான் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஜெபம் முறையா என்று போதகரிடம் நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

இந்தக் காரணத்தினால் நீ சபைக்குப் போவதை விட்டுவிடுவேன் என்று எழுதியிருப்பது மட்டும் எனக்குச் சம்மதமில்லை. ஒருவர் தவறான நேரத்தில் ஒரு கேள்வி கேட்டதற்குக் கிறிஸ்து பொறுப்பல்ல. கோபம் இருந்தால் கோபத்தோடேயே போய் உட்கார். சங்கீதக்காரன் கோபத்தோடு ஜெபித்ததில் பாதிகூட நாம் ஜெபித்திருக்கமாட்டோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் அத்தை மகன் நேரில் வந்து அழைத்திருக்கிறான். நானும் அம்மாவும் போகிறோம். சாப்பாட்டுச் செலவில் பாதி நம்முடையது என்று சொல்லிவிட்டேன். நீ கேட்ட முறுக்கு அச்சை அவன் கொடுத்துவிட்டான். பித்தளை என்பதால் கனமாக இருக்கிறது, டிசம்பரில் அம்மா வரும்போது கொண்டுவருவாள். மூன்று வில்லைகளில் ஒற்றை நட்சத்திர வில்லையைத்தான் காணவில்லை. அத்தையின் அடுக்களையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா