வெட்டர் ஆற்றங்கரையில் பார்த்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். யாராவது உங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் நல்லது.

போன அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சில்லிவாக் பக்கம், வெட்டர் ஆற்றில் ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே நீங்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். போனில் யாரிடமோ தமிழில் பேசியதால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தக்கை முங்கியது. கோல் வில்லாக வளைந்தது. பத்து நிமிடம் கரையோரமாக ஓடினீர்கள், சிரித்தீர்கள், "பெரிசு, பெரிசு" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் தூண்டில் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு உங்களுக்கு வழிவிட்டார்கள். கடைசியில் மீன் கரைக்கு வந்தது. விலாவில் கருப்புப் பட்டை ஓடிய பெட்டை மீன், பத்து பவுண்டாவது இருக்கும்.

யாரோ ஒருவர் "டாக்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உங்கள் முகம் விழுந்துவிட்டது. "சே, நாய் மீன்டா, இதை மனுஷன் தின்பானா" என்று போனில் சொல்லிவிட்டு, முள்ளைப் பிடுங்கி, கூழாங்கல் மேல் கிடந்த மீனை பூட்ஸ் காலால் தண்ணீருக்குள் தள்ளினீர்கள்.

அப்போதே நான் வந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களைத் திட்டுவதற்கு எழுதவில்லை தம்பி. நானும் மூன்று வருடம் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், இதே ஆற்றில் ஒரு பெரிய ஆண் சம் சால்மன் கிடைத்தது. நீங்கள் நாய் மீன் என்றீர்களே, அதே மீன்தான். உடம்பெல்லாம் ஊதாவும் பச்சையுமாக வரி, வளைந்த தாடை, நாய்க்குப் போலக் கோரைப்பல். அது ஆற்றுக்கு வந்து எத்தனை நாள் ஆனது என்று பார்க்கத் தெரியாத காலம். மாலை வரை ஐஸ் இல்லாமல் ஒரு பையில் கிடந்தது. வீட்டுக்கு வந்து வெட்டினால் சதை வெளிறிப்போய், சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. ஓவன் அடுப்பில் முக்கால் மணி நேரம் வைத்தேன். சேற்று வாடை. வாயில் வைத்தால் நனைந்த பஞ்சு. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் "சம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாடைக்கும் பஞ்சுக்கும் என்ன காரணம் என்று பிறகுதான் புரிந்தது. சால்மன் முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும்போது சாப்பிடுவதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்தான் எதிர்நீச்சல் போடுகிறது, சினையை வளர்க்கிறது. சதைக்குச் சிவப்பு கொடுக்கிற நிறமிகூட அங்கிருந்து கிளம்பி, தோலுக்கும் முட்டைக்கும் போய்விடுகிறது. கொழுப்பு போகப் போக அந்த இடத்தில் நீர் ஏறுகிறது. எல்லா பசிபிக் சால்மனுக்கும் இந்தக் கதிதான். ஆனால் சம் சால்மன் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான ஆறுகளில் அது கடலுக்குப் பக்கத்திலேயே முட்டையிட்டுவிடும். தூரப் பயணம் இல்லாததால் கடலில் இருக்கும்போதே உடம்பு முட்டைக்குத் தயாராகிவிடுகிறது. ஆற்று முகத்துக்கு வரும்போதே நிறம் மாறத் தொடங்கியிருக்கும். கரையில் தூண்டிலோடு நிற்கிற நாம் அதைப் பார்ப்பது அதன் கடைசி இரண்டு மூன்று வாரத்தில். அந்த வாரங்களை வைத்து அதன் ருசியைத் தீர்மானித்துவிட்டோம்.

நான் மனம் மாறியது ஸ்டீவ்ஸ்டன் படகுத்துறையில். ஒரு மீனவர் படகிலிருந்தே விற்றுக்கொண்டிருந்தார். ஐஸ் மேல் வெள்ளித் தகடு போல மின்னிய மீன்கள். கோஹோ என்ற வேறு வகை சால்மன் என்று நினைத்து விலை கேட்டேன். சம் என்றார். சாக்கை என்ற சிவப்பு சால்மன் விலையில் பாதிகூட இல்லை. கடலில் பிடித்து, உடனே செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸில் போட்டவை என்று சொன்னார். ஒன்றை வாங்கி வந்து, உப்பு மட்டும் தடவி, சூடான வாணலியில் தோல் கீழே இருக்கும்படி வைத்தேன். சதை இதழ் இதழாகப் பிரியத் தொடங்கியதும் இறக்கினேன். இளஞ்சிவப்பு, மென்மையான ருசி, மீன் வாடையே இல்லை. அன்று இரவு மூன்று வருடமாக நான் சொல்லிவந்தது எவ்வளவு தப்பு என்று வெட்கமாக இருந்தது.

ஆமாம், சினூக் என்ற கொழுத்த சால்மனின் நெய்ப்பிடிப்பு இதில் கிடையாது. நூறு கிராம் பச்சை மீனில் சினூக்குக்குக் கொழுப்பு 10 கிராமுக்கு மேல். சம்முக்கு 4 கிராமை ஒட்டித்தான். புரதம் இரண்டிலும் ஏறக்குறைய 20 கிராம். ஆகவே சினூக்கைச் சமைக்கிற மாதிரி சமைத்தால் வறண்டுவிடும். அடுப்பில் இரண்டு நிமிடம் அதிகமாகிவிட்டால் இந்த மீன் மன்னிக்காது. ஈரத்தோடு சமைப்பது நல்லது. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் இஷிகாரி நாபே என்று ஒன்று செய்வார்கள், இஷிகாரி ஆற்றின் பெயரில். மீன், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, எல்லாம் மிசோ என்ற சோயா விழுது கரைத்த சாற்றில் கொதிக்கும். அதைச் செய்து பார்த்த பிறகு எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்கு இந்த மீன்தான்.

அப்புறம் புகை. புகை போடுவதற்கு இதை மிஞ்சிய சால்மன் எனக்குத் தெரிந்து இல்லை. கொழுப்பு குறைவாக இருப்பதால் சீராகக் காயும், சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. இந்தக் கடற்கரையின் பூர்வகுடி மக்கள் மாரிக்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் மீனாக இதைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். தென்கிழக்கு அலாஸ்காவின் டிலிங்கிட் மக்களில் இந்த மீனையே குலச் சின்னமாகக் கொண்ட ஒரு குலம் உண்டு. அவர்களிடம் போய் "நாய் மீன்" என்று முகம் சுளிக்க முடியுமா?

அந்தப் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண் மீனின் கோரைப்பல்லால் வந்தது என்பார்கள் சிலர். வடக்கே கனடாவிலும் அலாஸ்காவிலும் ஓடுகிற யுகான் நதிப் பக்கத்தில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு இதைக் காயவைத்துப் போட்டதால் வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது காரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பாகை உறைகுளிரில் நாள் முழுவதும் ஓடுகிற நாய்க்கு உதவாத தீனியைப் போடுவார்களா? மனிதர்களும் அதே கருவாட்டைத்தான் தின்றார்கள். "சம்" என்ற பெயர் இந்தக் கரையில் வியாபார மொழியாக இருந்த சினூக் ஜார்கனில் வரியுள்ளது, புள்ளியுள்ளது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அறிவியல் பெயரில் உள்ள "கேட்டா" கிழக்குச் சைபீரியாவின் எவென்கி மொழியிலிருந்து ருஷ்ய மொழி வழியாக வந்தது. இப்போது கடைகளில் "கேட்டா சால்மன்" என்று சீட்டு ஒட்டியிருந்தால், அது இதே மீன்தான். நாய்ப் பெயரிலிருந்து தப்பிக்க அப்படி விற்கிறார்கள்.

இதே மீன் ஜப்பானில் என்ன மரியாதையோடு இருக்கிறது தெரியுமா! அங்கே "சாக்கே" என்று சொன்னாலே பழங்காலத்திலிருந்து இதுதான். அங்கும் இலையுதிர் காலத்தில் சினையோடு வருவது ஒரு விலை. மே முதல் ஜூலை வரை ஹொக்கைடோக் கரையில் பிடிபடுவது வேறு விலை. அந்தக் கோடை மீனுக்கு "தொகிஷிராசு" என்று பெயர், காலம் அறியாதது என்று பொருள். சினை வளராத பருவம், கொழுப்பு முழுவதும் சதையில் இருக்கும். ஒரே இனம், ஒரே கடல், சில மாத இடைவெளி. அதற்கே இவ்வளவு வித்தியாசம்.

நீகாத்தா மாநிலத்தில் முராகாமி என்று ஓர் ஊர். அங்கே 18ஆம் நூற்றாண்டில் ஆவோதோ புஹெய்ஜி என்ற கீழ்நிலைச் சாமுராய் ஒருவர், சால்மன் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது என்று கண்டுகொண்டு, மியொமொத்தே ஆற்றில் முட்டையிட வருகிற மீன்களுக்கென்று ஒரு கிளைக்கால்வாய் அமைக்கவைத்தார். விதை ஆறு என்று அதற்குப் பெயர். அந்த ஊர்க்காரர்கள் ஆற்றுக்கு வந்து கொழுப்பு வற்றிய மீனையே எடுத்து, உப்புத் தேய்த்து, சில நாள் வைத்துக் கழுவி, மார்கழிக் குளிர்காற்றில் வாரக்கணக்கில் தொங்கவிடுவார்கள். வயிற்றை முழுக்கக் கிழிக்க மாட்டார்கள், நடுவில் கொஞ்சம் சதையை விட்டுவைப்பார்கள். சாமுராய் ஊரில் வயிற்றைக் கிழிப்பது, வீரர்கள் தங்கள் வயிற்றைக் கிழித்துச் சாவதை நினைவூட்டும் அல்லவா, அதற்காக. நெய் வற்றிய மீனுக்கு ஏற்ற கைப்பக்குவத்தை அந்த ஊர் கண்டுபிடித்தது. நாம் ஓவன் அடுப்பில் வைத்துவிட்டு மீனைக் குறை சொன்னோம்.

நீங்கள் ஒரு முறையாவது சுஷிக் கடையில் இக்குரா தின்றிருப்பீர்கள். கண்ணாடி மணி போல, ஆரஞ்சு நிறத்தில், பல்லில் பட்டதும் வெடிக்குமே. அது பெரும்பாலும் சம் சால்மன் சினை. நீங்கள் தள்ளிவிட்ட அந்தப் பெட்டையின் வயிற்றில் அப்படிச் சில ஆயிரம் மணிகள் இருந்திருக்கும்.

யுகான் நதியைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. அங்கே இலையுதிர் காலத்தில் ஏறுகிற சம் மீன்களில் சில மூவாயிரம் கிலோமீட்டர் வரை உள்ளே போகும். அவ்வளவு தூரத்துக்கும் தேவையான எண்ணெயைக் கடலிலிருந்தே கட்டிக்கொண்டு வரும். ஆற்று வாயில் பிடித்தால் அதன் சதை சொட்டச் சொட்ட நெய்யாக இருக்கும். 2021ஆம் ஆண்டு அந்த மீன் வரத்து அடியோடு சரிந்தது. வீட்டுத் தேவைக்குப் பிடிக்கக்கூடத் தடை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் புகைக் கொட்டில் நிரம்பிய கிராமங்களில் கொட்டில்கள் வெறுமையாக நின்றன. பெரிங் கடல் சூடேறி, சத்துள்ள இரை குறைந்ததும் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஒரு பக்கம் இந்த மீன் வராதா என்று ஆற்றைப் பார்த்து நிற்கும் மக்கள். இன்னொரு பக்கம் பூட்ஸ் கால். அன்று எனக்குத் தாங்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

தூண்டில்காரருக்கு இதைவிடக் கொடுத்து வைத்த மீன் உண்டா, சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பிங்க் சால்மனோ கோஹோவோ அந்த இழுப்பு இழுக்காது. 1995இல் இதே மாகாணத்தின் ஈடி பாஸில் பிடிபட்ட 35 பவுண்டு மீன்தான் தூண்டிலுக்கான உலகச் சாதனை. நம் ஆற்றில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவே கையை உலுக்கிவிடுகிறது. ஊதா, ரோஜா நிற இறகு சுற்றிய தூண்டில் முள்ளைத் தக்கைக்குக் கீழே கட்டி மெதுவாக மிதக்கவிட்டால் ஓடிவந்து கவ்வும். நரம்பு மட்டும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், அந்தப் பல்லுக்கு மெல்லிய நரம்பு நிற்காது.

தின்ன வேண்டுமானால் எது நல்லது என்று பார்த்து எடுங்கள். முதுகிலும் வாலிலும் கரும்புள்ளி இருக்காது, வால் துடுப்பில் வெள்ளிக் கீற்று இருக்கும், வாலின் அடி ஒடுங்கியிருக்கும். உடம்பு வெள்ளியாக இருந்து, கடல் பேன் ஒட்டியிருந்தால் அது கடலைவிட்டு வந்து சில நாள்கூட ஆகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறதா என்று மீன்வளத் துறை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள், பருவத்தின் நடுவிலேயே விதி மாறும். எடுப்பதாக இருந்தால் அந்த இடத்திலேயே செவுளை அறுத்து ஐஸில் போடுங்கள். பச்சையாகத் தின்ன ஆசையென்றால் முதலில் மைனஸ் 20 பாகையில் ஏழு நாள் உறையவையுங்கள், புழு இருக்கும்.

வரி ஏறிய மீன் என்றால் கரைக்கு இழுக்கவே வேண்டாம். முழங்கால் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். எதிர்முள் இல்லாத முள்தானே, ஒரு திருப்பலில் வந்துவிடும். தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தால், வால் வலுவாக அடிக்கத் தொடங்கியதும் அதுவே போய்விடும். முட்டையிட்டுச் செத்த பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. ஸ்குவாமிஷ் பக்கம் பிராக்கன்டேலில் 1994இல் ஒரே நாளில் 3,769 வெண்தலைக் கழுகுகளை எண்ணினார்கள். அத்தனையும் அங்கே கூடியது செத்து ஒதுங்கிய சம் சால்மனுக்காக.

வருகிற அக்டோபர் கடைசியிலும் நான் அதே ரயில் பாலத்துக்கு மேலேதான் இருப்பேன், காலை ஏழு மணிக்கு. பச்சை நிறத் தொப்பி. ஆல்டர் விறகில் புகை போட்ட சம் இரண்டு துண்டு பையில் இருக்கும், ஒன்று உங்களுக்கு. காபி நீங்கள் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஆற்றங்கரையில் பேசாமல் நின்ற அக்கா