அளுத்கம ரயில்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இஸ்தான்புல் படங்களை அம்மா கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவ. எமினோனுவில் கப்பல் ஏறி, இருபது நிமிடத்தில் ஐரோப்பாவில் இருந்து ஆசியாவில் இறங்கினேன் என்று எழுதியிருந்தாய். இடுப்பு ஒடுங்கின சின்னக் கிளாஸில் தேத்தண்ணி, எள்ளு ஒட்டின வளையப் பாண், அதைப் பிய்த்து எறிய வந்து கவ்வும் கடற்பறவை. மூலை வீட்டு மாமிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எங்கட பரம்பரையில் ஒருத்தரும் காணாத கடல். எழுத்தும் உனக்கு வடிவாய் வருகிறது. பாணை நீயும் சாப்பிட்டாய்தானே? நேரத்துக்குச் சாப்பிடு.

ஜனவரித் தொடக்கத்தில் நோர்வே. துரொம்சோவில் மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும், பிறகு இருட்டு, சூரியனைக் காணவே இல்லை என்றாய். மார்ச்சில் லிஸ்பன். 28ஆம் இலக்க மஞ்சள் ட்ராம் வீட்டுச் சுவரை உரசுவது போல ஏறுமாம். அங்கே கடலைப் பார்க்க வெள்ளவத்தை ஞாபகம் வந்ததாம். கொழும்புக்கு வந்த போர்த்துக்கீசத் தளபதி லொரன்சோ த அல்மெய்தா 1505இல் தகப்பனோடு கப்பல் ஏறினது அந்த லிஸ்பனில்தான். நினைத்துப் பார்த்தாயோ தெரியாது.

படங்கள் எல்லாம் கிழமை நாளில் எடுத்தவை. செவ்வாய், புதன், ஒன்று திங்கள் காலை. முந்தி ஒரு நாள் லீவு எடுக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கும் லீவு இல்லை என்றுதானே வரவில்லை. அவ மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவ. அதை இப்ப கதைக்க வரவில்லை. கப்பல் படத்தில் நீ போட்டிருப்பது கந்தோருக்குப் போடுகிற நீலச் சேட். பெரிதாக்கிப் பார்த்தேன். கொலர் நைந்து நூல் தெரிகிறது. சாப்பாட்டை மட்டும் விடாதே.

உனக்கு ஒரு விஷயம் சொல்லவேணும்.

1996 ஜனவரி 31 மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது எங்கட கந்தோர்க் கண்ணாடியும் போனது. இரண்டு கிழமையில் திறந்துவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். திறக்கவில்லை. முதலாளி கணக்கை முடித்துக் கையில் காசைத் தந்து அனுப்பிவிட்டார். அதைப் பிரித்து மாதாமாதம் சம்பளக் கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். காலையில் சாப்பாட்டுப் பார்சலோடு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், அங்கே அளுத்கம ரயில் ஏறுவேன். அது திரும்பவும் வெள்ளவத்தையால்தான் வரும். எங்கட ஒழுங்கை வரும்போது கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பாணந்துறை, களுத்துறைப் பாலம், பேருவளை. பெந்தோட்டை ஆற்றங்கரையில் இருந்து பார்சலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்பான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊர் சொன்னேன். களுத்துறையில் மங்குஸ்தான் காலம். உனக்கு அது உயிர். எங்கே வாங்கினது என்று கேள்வி வரும் என்று பயந்து ரயிலிலேயே தின்று முடித்தேன்.

இரவில் நீ மடியில் ஏறி, "இண்டைக்கு என்ன கப்பல் வந்தது?" என்று கேட்பாய். லிஸ்பன் கப்பல், இஸ்தான்புல் கப்பல் என்று வாயில் வந்த ஊரை எல்லாம் சொன்னேன். ஒரு கப்பலையும் நான் காணவில்லை, தம்பி.

ஜூலை 24 பின்னேரம் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு. நான் வந்த ரயிலை மொரட்டுவையில் மறித்துவிட்டார்கள். காலி வீதியால் நடந்து வந்து சேர இரவு ஒன்பது மணி. அம்மா ஒழுங்கை முனையில் நின்றவ. கையில் என்ர அடையாள அட்டையின் போட்டோ பிரதி. ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டு நின்றிருக்கிறா. கோட்டையில் இருந்து வருகிறவன் வெள்ளவத்தையில் இறங்கிவிடுவான், தெஹிவளைக்குப் போகவே மாட்டான். அவவுக்கு எப்ப இருந்து தெரியும் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அடுத்த நாள் காலையும் பார்சல் கட்டினவ. கட்டி மேசையில் வைத்துவிட்டு, "இண்டைக்கு வீட்டில இருந்து சாப்பிடுங்கோ" என்றவ.

அதைத்தான் அந்த ஆறு மாதமும் நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் திரிந்தேன்.

பெரியப்பாவின் காணி விஷயம் ஒருவழியாக முடிந்தது. என் பங்கு வங்கியில் கிடக்கிறது, எனக்கு ஒரு செலவும் இல்லை. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா. யாழ்ப்பாண ரயிலுக்கு முன்கூட்டியே சீட் பதியவேணும். இரண்டு சீட்டா மூன்றா என்று மட்டும் எழுது. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. சாப்பிடு.

அப்பா