நாலு மாத்திரையை வைத்துக்கொண்டு ஆறைக் கொடுத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். ஊரும் தெரியாது. தூத்தூர் பக்கமாக இருக்கும் என்று மருந்துக்கடைத் தம்பி சொன்னார், அவருக்கும் அது நிச்சயம் இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் சொந்தமோ பழக்கமோ உள்ளவர்கள் யாராவது படித்துவிட்டு, "உன்னையத்தான் ஒரு டீச்சர் தேடுறா" என்று உங்களிடம் சொல்ல மாட்டார்களா என்று ஒரு ஆசை.

2017 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மார்த்தாண்டத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, டார்ச் வெளிச்சத்தில் வியாபாரம் நடந்த அந்த மருந்துக்கடை. கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்றவள் நான்.

ஒக்கிப் புயல் நம்மை என்ன செய்தது என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஓடு, விளையில் மூட்டோடு சாய்ந்த ரப்பர், வாழை, அதையெல்லாம் நான் கணக்குப் பார்க்கவே இல்லை. அந்த மூன்று நாளும் நான் எண்ணியது மாத்திரையை மட்டும்தான்.

என் மகனுக்கு 12 வயது. ஃபிட்ஸுக்காக காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை சாப்பிடுகிறான். சோடியம் வால்ப்ரோயேட், மெதுவாகக் கரைகிற வகை, 300 மில்லிகிராம். நாலு வருடமாக அவனுக்கு ஒன்றும் வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். இதை நிறுத்துவதானால் மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று நின்றால் பல வருடம் அடங்கி இருந்தது திரும்ப வரலாம், வந்தால் விடாமல் தொடர்ந்தும் வரலாம்.

எனக்கு 1ஆம் தேதி சம்பளம். அன்று சாயங்காலமே மாத மருந்தை வாங்குவது வழக்கம், அதுவும் 30 நாளைக்கு எண்ணி. காற்று அடித்ததோ நவம்பர் 30. வியாழக்கிழமை. நம் ஊரில் மாதச் சம்பளத்தில் மருந்து வாங்குகிற வீடுகள் எத்தனையோ, அத்தனை வீட்டிலும் அன்றைக்கு மாத்திரை அட்டை காலியாகிக் கொண்டிருந்திருக்கும். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. 29ஆம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள், 30ஆம் தேதி அது புயல். இடையில் ஒரு ராத்திரி. மழை என்று நினைத்து மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அரிசியும் எடுத்து வைத்தேன். சம்பளத்துக்கு இன்னும் ஒரு நாள்தானே என்று மருந்தை விட்டுவிட்டேன்.

வியாழன் ராத்திரி ஏழு மாத்திரை இருந்தது. அதில் இரண்டை என் மாமியார், பிள்ளை எடுத்துச் சாப்பிட லேசாக இருக்கட்டும் என்று அட்டையிலிருந்து உரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். ஓடு பறந்த இடத்தில் மழை இறங்கி அலமாரி முழுக்க ஈரம். அந்த இரண்டும் ஒட்டிப் பிடித்து, இளகி, விரலில் பசையாக வந்தது. மிச்சம் ஐந்து. சனிக்கிழமை ராத்திரி கடைசி மாத்திரையைக் கொடுத்தேன். டாக்டர் எழுதிய சீட்டிலும் மை பரவி ஒரு நீலத் திட்டுதான் இருந்தது. பக்கத்துக் கடையில் பிரஷருக்கும் சுகருக்கும் மருந்து இருந்தது, இந்த மருந்து அங்கே எப்போதும் வருவதில்லை. அவன் அப்பா குவைத்தில். போனில் சிக்னல் செத்துக் கிடந்தது.

ஞாயிறு காலை திருவட்டாற்றிலிருந்து ஆற்றூர் வரை நடந்தேன். சாலையில் கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கித்தான் நடக்க முடிந்தது. அங்கிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பைக்கில் மார்த்தாண்டம். இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடையில் நீங்கள் கையில் வாங்கிக் கொண்டிருந்ததுதான் அந்தக் கடையிலேயே கடைசி அட்டை.

தம்பி என்னிடம் உண்மையைச் சொன்னார். "அக்கா, நாகர்கோவில்லயிருந்து லாரி வரல்ல. 200 இருக்கு, ஆனா அது இந்த வகை இல்ல. டாக்டர்ட்ட கேக்காம மாத்தித் தர மாட்டேன், போனும் போகாது." அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இப்போது அவருக்கும் நன்றி சொல்கிறேன். எதையோ ஒன்றைக் கொடுத்து என்னை அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கிப் போயிருப்பேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"பிள்ளைக்கா மக்களே? எத்தன நேரம் போடுது?"

"ரெண்டு நேரம் அக்கா. காலையில உள்ளதே இன்னும் குடுக்கல்ல."

என் முகத்தை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு அட்டையைத் தம்பியிடம் நீட்டி, "வெட்டுப்பா. எனக்கு ராத்திரிக்கி ஒண்ணுதான். நாலு இருந்தா நாலு நாளு. பிள்ளைக்கி ஆறு, மூணு நாளு. அதுக்குள்ள லாரி வராமலா இருக்கும்" என்றீர்கள்.

மீன் கூறு வைக்கிறவர்களின் வேகம் அந்தக் கணக்கில். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். பத்தைப் பங்கு வைக்கச் சொன்னால் நான் ஐந்தும் ஐந்தும் என்றுதான் சொல்லியிருப்பேன். யாருக்கு எத்தனை வேளை என்று கேட்டுவிட்டு நீங்கள் பங்கு வைத்தீர்கள்.

தம்பி உங்கள் சீட்டை டார்ச்சில் பிடித்து, என் போனில் தப்பிக் கிடந்த பழைய சீட்டின் போட்டோவையும் பக்கத்தில் வைத்து, மருந்தும் வகையும் அளவும் ஒன்றுதான் என்று இரண்டு தடவை சரிபார்த்தார். போனில் நாலு சதவீதம் சார்ஜ்தான் இருந்தது. கத்திரிக்கோலால் அட்டையைக் குறுக்கே வெட்டினார். காலாவதித் தேதி அச்சடித்த முனை என் ஆறோடு வந்துவிட்டது. உங்கள் நாலை ஒரு சின்னக் கவரில் போட்டு, மருந்தின் பெயரையும் பாட்ச் எண்ணையும் தேதியையும் பேனாவால் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு பேரும் அட்டையில இருந்து உரிச்சுப் போடாதீங்க, ஈரம் குடிச்சு இளகிரும்" என்றார். அது எங்கள் வீட்டில் முன்பே நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். சில்லறை கடையிலும் இல்லை, ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை. "பெறகு பாக்கலாம்" என்று கையை மடக்கிவிட்டீர்கள். "உங்களுக்கு நாலு போதுமா அக்கா?" என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்னது இந்த இரண்டு வாரமும் என் காதில் கிடக்கிறது.

"எங்க வீட்டு ஆளு கடல்ல நிக்குது. வரும்போ நான் விழுந்து கெடக்கக் கூடாதுல்லா. அதுக்குத்தான் வாங்க வந்தேன்."

அப்படி வாங்க வந்த மருந்தில்தான் எனக்கு ஆறு கொடுத்தீர்கள்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆற்றூரில் பைக்கை நிறுத்தி, எங்கே என்றுகூடக் கேட்காமல் "ஏறுங்க" என்ற அண்ணன். ரம்பமும் வெட்டுக்கத்தியுமாக எங்கள் தெருவைத் திறந்துவிட்ட பையன்கள். ஜெனரேட்டர் போட்டு ஊர் முழுக்கப் போன் சார்ஜ் செய்துகொள்ள விட்ட கோயில் கமிட்டிக்காரர்கள். வேறு மாவட்டங்களிலிருந்து வந்து, எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து எழுந்து, கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்கள். அவர்கள் தயவில்தான் முந்தாநாள் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வரிசை வாசலைத் தாண்டி நின்ற நாளிலும் என் மகனை உட்கார வைத்துப் பேசிவிட்டு, புதுச் சீட்டில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த டாக்டரம்மா. எல்லோருக்கும் கைகூப்பிய நன்றி.

எங்கள் பகுதி நர்ஸ் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலத் தெருப் பெரியவர், ஃபிரிட்ஜ் ஓடவில்லை, இன்சுலின் கெட்டிருக்கும் என்று குப்பியைத் தூக்கி எறியப் போனபோது ஓடி வந்து தடுத்தது அவர்தான். குத்த ஆரம்பித்த குப்பி, வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால் ஏறக்குறைய நாலு வாரம் வெளியிலேயே தாங்கும். பிரிக்காத குப்பியை பிளாஸ்டிக் கவரில் கட்டி மண்பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி போட்டு வைக்கலாம். ஐஸ் கிடைத்தது என்று அதன்மேல் நேராக வைக்கக் கூடாது, ஒரு தடவை உறைந்துபோன இன்சுலின் பிறகு உதவாது. 40 யூனிட் குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்சுதான், வேறு சிரிஞ்சு கிடைத்தது என்று அதில் ஏற்றினால் அளவு மாறிப் போகும். இதையெல்லாம் வீடு வீடாக நடந்து சொன்னார் அவர். அவருடைய வீட்டுக்கும் அப்போது கூரை இல்லை.

இனி நான் 1ஆம் தேதிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. கூடுதலாக ஒரு மாத மருந்தை மொத்தமாக வாங்கி வைக்க எங்களிடம் வசதி கிடையாது. அதனால் மாதா மாதம் நாலு மாத்திரை சேர்த்து வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஐந்து மாதத்தில் இருபது. என் மகனுக்குப் பத்து நாள். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுத்துக் கொடுத்து வந்தால் எதுவும் தேதி கடந்து கெடாது. தேதி அச்சடித்த முனையைக் கடைசி வரை வெட்டக் கூடாது என்று மாமியாருக்கும் சொல்லியிருக்கிறேன். சீட்டின் நகல் ஒன்று அரிசிப் பானைக்குள், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. எந்தப் புயலிலும் நாங்கள் முதலில் தூக்குவது அந்தப் பானையைத்தான்.

ஆறு மாத்திரையும் சரியாக செவ்வாய் ராத்திரி வரை வந்தது. அன்று சாயங்காலமே லாரி வந்துவிட்டது, நீங்கள் சொன்ன கணக்குப்படி. மகனுக்கு ஒன்றும் வரவில்லை. நல்லா இருக்கிறான்.

உங்களுடைய நாலு, புதன் ராத்திரியோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் வந்து வாங்கினீர்களா என்று தம்பியிடம் கேட்டேன். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றார். 7ஆம் தேதி, கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் ஆட்களின் படம் பேப்பரில் வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த முகம் அக்கா, எனக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று பேப்பரில் ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் அடுத்த வரியைப் படிக்கப் பயமாக இருக்கிறது. இந்த வருடம் கடற்கரையில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவில்லை என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் கட்டவில்லை.

உங்கள் வீட்டு ஆள் வந்துவிட்டாரா? வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த அட்டைக்காகவாவது நீங்கள் அந்தக் கடைக்கு வருவீர்கள். ஆறு மாத்திரைக்கு உள்ள காசைத் திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்து ராக்கில், பிரிக்காத முழு அட்டை ஒன்று உங்களுக்காகக் கவரில் இருக்கிறது. உங்கள் பழைய சீட்டைக் காட்டினால் தம்பி தருவார். மாதம் ஒரு தடவை நான் போய், தேதி பார்த்து, அதை மாற்றி வைப்பேன். கவரின் மேல் பெயர் எழுத வேண்டும் என்றார் தம்பி. என் மகன் பேனாவை வாங்கி, அவனாகவே எழுதினான்: "நாலு மாத்திரை மாமிக்கு."