ஆண்டறிக்கை: பழஞ்சுவடிகள் யாருக்குச் சொந்தம்?

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, பழைய சமயச் சுவடிகள் யாருக்குச் சொந்தம் என்பதையே ஆண்டு முழுவதும் எடுத்துப் பேசினோம்.

அதிக வாக்குவாதத்தைக் கிளப்பியது கோடெக்ஸ் சினாய்டிகஸ். 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட விவிலியம். எகிப்தில் சினாய் மலையடிவாரத்துப் புனித கேத்தரின் மடத்தில் இருந்தது. ஜெர்மன் அறிஞர் டிஷெண்டோர்ஃப் 1844இல் 43 ஏடுகளை எடுத்துப் போனார். எரிக்க வைத்திருந்த கூடையிலிருந்து மீட்டதாகச் சொன்னார். மடம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. 1859இல் பெரும்பகுதியைக் கொண்டு போனபோது, கேட்டால் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சுவடி ரஷ்யப் பேரரசரிடம் போனது. மடத்தின் நன்கொடைப் பத்திரம் 1869இல்தான் கையெழுத்தானது. 1933இல் சோவியத் அரசு அதை 1,00,000 பவுண்டுக்கு பிரிட்டிஷ் மியூசியத்திடம் விற்றது.

பத்திரம் இருக்கும்போது வாக்குவாதம் எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். பத்து வருடம் சுவடி பிறர் கையில் இருந்த பிறகு போட்ட கையெழுத்தை மனமுவந்த தானம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்திலும் இதைச் சொன்னேன், பதிவாக வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

சுவடியின் பகுதிகளைத் தனித்தனியே வைத்திருக்கும் நான்கு நிறுவனங்களும் 2005இல் ஒப்பந்தம் போட்டு, 2009இல் எல்லா ஏடுகளையும் இணையத்தில் ஏற்றின. ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பக்கத்துக்கு நான்கு பத்தி, சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. வரிகளுக்கு மேலேயும் ஓரத்திலும் பிற்காலத்தவர் போட்ட திருத்தங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எழுதப் பயன்பட்ட விலங்குத் தோலின் சுருக்கம்கூடத் தெரிந்தது. அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனாலும், படம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதால் மூலச்சுவடி எங்கே இருந்தால் என்ன என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வாசிக்கிறவனுக்குப் படம் போதும். வழிபடுகிறவருக்குப் போதாது.

ஜெய்த்தூன் நற்செய்திச் சுவடி பற்றிய கூட்டம் எனக்கு நிறைவைத் தந்தது. ஆர்மீனிய ஓவியர் தோரோஸ் ரோஸ்லின் 1256இல் தீட்டியது. அதிலிருந்து பிரிந்த எட்டுப் பக்கங்களை அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியிருந்தது. மீதிச் சுவடி ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் இருக்கிறது. ஆர்மீனியத் திருச்சபை 2010இல் வழக்குப் போட்டது. 2015இல் சமரசம்: வரலாற்றுப்படி உரிமை திருச்சபைக்கே என்று அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது, திருச்சபை அந்தப் பக்கங்களை அங்கேயே இருக்க நன்கொடையாகக் கொடுத்தது. பக்கங்கள் இடம் மாறவில்லை, ஆனால் உண்மை எழுத்தில் ஏறியது. ஓட்டோமான் பேரரசில் நடந்த இனப்படுகொலையில் சிதறிய ஒரு சமூகத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

டென்மார்க்கிடமிருந்து ஐஸ்லாந்து தன் பழஞ்சுவடிகளைத் திரும்பப் பெற்ற விஷயத்தில் கருத்து வேறுபாடே வரவில்லை. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து முதல் இரண்டு சுவடிகள் 1971இல் கப்பலில் வந்தபோது, வரவேற்க ஆயிரக்கணக்கானோர் துறைமுகத்தில் நின்றார்கள். திருப்பித் தரும் பணி 1997 வரை நீடித்தது. நீதிமன்றம் வரை போன விவகாரம்தான். ஆனாலும் டென்மார்க் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிக் கொடுத்தது.

பண்பாட்டுச் சொத்துகளைக் கடத்துவதைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை, அதற்கு முன்பே எடுத்துப் போனவற்றுக்குப் பொருந்தாது. எனவே பழைய வழக்குகளில் மனச்சாட்சியும் பேச்சுவார்த்தையும்தான் கைகொடுக்கின்றன. சுவடி எப்படிக் கைமாறியது என்ற விவரத்தை வைத்திருப்பவர் முழுமையாக வெளியிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரலாக நின்றோம். அதை வட்டத்தின் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு எத்தியோப்பியாவின் மக்தலா சுவடிகளை முன்மொழிகிறேன். 1868இல் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டையிலிருந்து அள்ளிச் சென்றவை அவை. பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.

நன்றி.
செயலாளர்