ஆவுளியாவும் புகையானும்

பட்டுக்கோட்டை,
மார்கழி 12

அன்பு நண்பர் சிவலிங்கத்துக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் காரணம் சம்பா நெல்லில் விழுந்த புகையான் பூச்சி. மடையோரம் இரண்டு இடங்களில் பயிர் வட்டமாகத் தீய்ந்து நிற்கிறது. தூரைப் பிரித்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே எள்ளை அப்பியதுபோல் பழுப்புப் பூச்சிகள்.

அன்று மாலை பேரனோடு மனோரா கடற்கரைக்குப் போனேன். வலையில் சிக்கிய ஆவுளியா ஒன்றை, வலையை அறுத்து விட்டதாக அங்கே ஒரு மீனவர் சொன்னார். நாம் கடற்பசு என்று படித்ததுதான். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாக 2022இல் அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பும் வழியெல்லாம் ஆவுளியாவையும் புகையானையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஆவுளியா நாளொன்றுக்கு முப்பது கிலோவுக்கும் மேல் கடற்புல்லைத் தின்னக்கூடியது. வேரோடு பறித்துத் தின்பதால், அது மேய்ந்த இடத்தில் ஏர் ஓட்டியதுபோல் மணலில் சால் விழுகிறதாம். ஆயினும் அந்தப் புல்வெளி மறுபடி தழைத்துவிடுகிறது. புகையானோ அரை சென்டிமீட்டர்கூட இராது, கடிப்பதுமில்லை. தண்டில் ஊசிவாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சியே வயலைக் காய வைக்கிறது. புல்லிலும் சாற்றிலும் சத்து சொற்பம் என்பதால் இரண்டுமே சமையல்காரரை வயிற்றோடு வைத்துக்கொண்டு அலைகின்றன: கடற்பசுவின் நீண்ட குடலில் நுண்ணுயிர்கள் நாட்கணக்கில் புல்லை நொதிக்க வைக்கின்றன, புகையானின் உடலில் ஈஸ்ட் போன்ற பூஞ்சைகள் சாற்றில் போதாத அமினோ அமிலங்களை ஆக்கித் தருகின்றன.

பெருக்கத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஒரு பெண் புகையான் இருநூறு முட்டைக்கு மேல் இடும். ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்றாண்டுகளாவது ஆகும். மூச்சுவிட மேலே வர முடியாமல் ஒன்று வலையில் செத்தால், அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். புகையான் அப்படியல்ல. போன வருடம் கடைக்காரர் சொன்ன மருந்தை அடித்தேன். அதைத் தின்னும் சிலந்திகள் செத்தன, புகையான் இரட்டிப்பாகத் திரும்பியது.

இம்முறை தண்ணீரை வடித்து, யூரியாவை நிறுத்தி, எட்டடிக்கு ஓரடி இடைவெளி கிடைக்கும்படி பயிரை விலக்கிப் பட்டம் பிரித்துவிட்டேன். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், அந்தக் குத்தில் கிளைத்த தூர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்கிறார்கள். நேற்று எண்ணியதில் ஒன்றரைதான் வந்தது. நாளை விடியலில் மறுபடி எண்ண வேண்டும்.

உங்கள் நண்பன்,
கலியமூர்த்தி