சம்பந்தி வீட்டு டார்ட்டன்

அன்புள்ள முருகேசா,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

வைகாசியில் வெண்ணிலாவுக்கு இங்கே ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஃபிரேசர் குலம். போன வாரம் சம்பந்தி வந்து, "நீங்களும் எங்கள் டார்ட்டனில் கில்ட் உடுத்த வேண்டும்" என்றார். டார்ட்டன் என்பது குலத்துக்குரிய கட்டம் போட்ட துணி, கில்ட் என்பது ஆண்கள் அதை மடித்து இடுப்பில் முட்டி வரை உடுத்துவது. அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

யார் எந்தக் கட்டத்தை உடுத்தினாலும் சட்டம் கேட்காது. குலம் இல்லாதவர்கள் பெரும்பாலும் பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சையும் நீலமும் கலந்த பொதுக் கட்டத்தை உடுத்துவார்கள். அதுதான் மரியாதை என்று நானும் நினைத்தேன். சம்பந்தி என்னைக் கலோடன் போர்க்களத்துக்கு அழைத்துப் போனார். ஃபிரேசர் என்று பொறித்த கல் ஒன்று அங்கே இருக்கிறது. 1746-இல் மன்னரை எதிர்த்துக் கிளம்பிய குலங்கள் அங்கே அரசுப் படையிடம் தோற்ற பிறகு, ஹைலாண்ட் என்ற இந்த வடக்கு மலைநாட்டில் கில்ட் உடுத்தினால் ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு வருஷம் நாடுகடத்தல். பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. 1782-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

குலத்துக்கொரு கட்டம் என்பதே பெரும்பாலும் 1822-இல் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததற்குப் பிறகு நிலைத்த வழக்கம், அதற்குப் போய் இவ்வளவு பக்தியா என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் உடுத்தி வந்தது அவர்களுடையதுதான். அதை எனக்கும் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்பது எப்படி?

நேற்று அளவு கொடுத்தேன். எட்டு கஜம் கம்பளி, முருகேசா! மடிப்பெல்லாம் பின்னால், அத்தனை மடித்தும் கட்டம் குலையவில்லை, மெல்லிய வெள்ளைக் கோடு அடுத்த மடிப்பின் கோட்டோடு அப்படியே சேர்கிறது. விளிம்பு முட்டியின் நடுவில் நிற்க வேண்டும். முன்பக்கத்தில் குத்தும் கில்ட் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும். அடித்துணியையும் சேர்த்துக் குத்தினால் கிழிந்துவிடும் என்று தையல்காரர் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணன் போனில், "பாவாடை கட்டப் போகிறாயாமே" என்கிறார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை.

நீ கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். உள்ளே என்ன என்று இங்கே யாரிடமும் கேட்கக் கூடாது. கிட்டுவிடமும் சொல்லி வை, அவன்தான் ஆபத்து.

அப்புறம், வரும்போது மயில்கண் வேட்டி ஒன்று வாங்கி வா. முகூர்த்தத்துக்குத் தானும் வேட்டிதான் கட்டுவேன் என்று சம்பந்தி பிடிவாதமாக இருக்கிறார். ஆறடிக்கு மேல் உயரம், பார்த்து வாங்கு. வெல்க்ரோ வைத்தது வேண்டாம். கட்டச் சொல்லிக் கொடுப்பது உன் பொறுப்பு.

அன்புடன்,
சபாபதி