புகை காத்த வீடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நாங்கள் ஜப்பானில், நகோயாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது.

போன வாரம் ஷிரகவா-கோ என்ற மலைப்பகுதிக்குப் போய்வந்தோம். மலைகளுக்கு நடுவே, ஷோ ஆற்றங்கரையில் ஓகிமாச்சி என்ற ஊர். 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே எடோ காலத்தில், அதாவது நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், கட்டிய வாதா குடும்பத்து வீட்டைப் பார்த்ததிலிருந்து உன் நினைப்புதான்.

கைகூப்பியது போல நெட்டுக்குத்தாகச் சரியும் புல்கூரை. பனி தங்காமல் வழுக்கி விழத்தான் அந்தச் சரிவு. தச்சர் வீட்டுப் பிள்ளை நீ, கேட்டுக்கொள்: கூரையில் ஆணியே கிடையாது. வைக்கோல் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். சாய்மரங்களின் அடியைக் கூராகச் சீவி உத்தரத்துக் குழியில் உட்காரவைத்திருப்பதால், காற்றடித்தால் கூரை கொஞ்சம் அசைந்துகொடுக்கும். உங்கப்பா பார்த்திருந்தால் தடவித் தடவிப் பார்த்திருப்பார்.

கூடத்தின் நடுவில் தரையிலேயே அடுப்பு. இரோரி என்கிறார்கள். புகைபோக்கி இல்லை. புகை இடைவெளி விட்ட பரண் பலகைகள் வழியே மேலேறி, கயிற்றிலும் புல்லிலும் கரியாகப் படிகிறது. பூச்சி அண்டாது, ஈரம் தங்காது. அடுப்புக்கு மேலே உங்கம்மா விதைச் சோளம் கட்டித் தொங்கவிடுவாரே, அதே கணக்கு. அந்தப் பரண்களில்தான் பட்டுப்புழு வளர்த்தார்கள். அதன் எச்சத்தை மண்ணோடும் தழையோடும் தரைக்கடியில் வருஷக்கணக்கில் மக்கவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். மேலே பட்டு, கீழே வெடிமருந்துச் சரக்கு!

முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடிக் கூரை மாற்றும். அந்தக் கூட்டு உழைப்புக்கு யுயி என்று பெயர். ஆனால் இப்போது பல வீடுகளில் தினமும் அடுப்பு எரிவதில்லை. புகை இல்லாததால் கூரை சீக்கிரமே பழுதாகிறதாம். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வாதா வீட்டில் ஒரு பகுதியில் குடும்பத்தார் இன்னும் வாழ்கிறார்கள் என்பதில் அவ்வளவு சந்தோஷம்.

உங்கப்பா கட்டிய வீட்டைப் பூட்டியே வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஆவணியில் ஊருக்கு வருகிறேன். சாவியை எடுத்துவை. இரண்டு பேரும் போய் நாலு நாள் தங்கி, விறகடுப்பிலேயே சமைத்துச் சாப்பிடுவோம்.

உன்,
ராமன்